லோவட்டின் இடது கன்னம்

‘ஏபெல் கார்ட்லிட்ஜ். பொம்மைத் தலைகளைச் சீர் செய்பவர். நிதானமான கை. அச்சில் உள்ள முகத்தோடு தன் சரக்கு எதையும் சேர்ப்பதில்லை.’ பர்ஸ்லம் ஊரில் ஹாசல் மண்பாண்டப் பட்டறையின் ஆள்பதிவேடு 1789இல் இப்படிச் சொன்னது. சேர்ப்பதில்லை என்பது சரிதான்.

அச்சிலிருந்து வரும் விரல் நீளக் கருமண் தலைகளில், அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழும் பொருத்துக்கோட்டைக் கத்தியால் வழித்தெடுப்பது அவர் வேலை. பதினாறு வருடமாக செனெகாவும் பிளேட்டோவும்தான். அந்தப் பெரிய மனிதர்களின் கன்னத்தில் மேடு இருக்காது. இருந்தால் அச்சின் பிழை. திங்கட்கிழமைக் குடி இறங்காத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இறந்துபோன மேஸ்திரி லோவட்டின் நினைவாக அச்சில் எடுத்த தலையையும் அப்படியே வழித்து முடித்தார். இடது கன்னத்துத் தழும்பை அவர் பதினாறு வருடம் தினமும் பார்த்தவர். கண் பார்த்தது, கைக்குத்தான் தெரியவில்லை.

லோவட்டின் மனைவி கெசையா வெந்த தலையை வாங்கினாள். கட்டைவிரல் கன்னத்தில் நின்றது.

“தழும்பு எங்க ஏபெல்?”

“சூளையில போயிருக்கும்மா. வெந்தா மண்ணு சுருங்குமில்ல?”

“மண்ணுவேலைக்காரன் பொண்டாட்டிகிட்டயே கதை விடுறியா? மூக்கு சுருங்கியிருக்கு, காது சுருங்கியிருக்கு. தழும்பு மட்டும் எந்திரிச்சு நடந்து போயிடுச்சா?”

“ஜோப் தீயைக் கொஞ்சம் கூட்டிட்டார் போல.”

அருகில் நின்ற முதலாளி ஹாசலுக்கு அது போதும். சூளைக்காரர் ஜோப் மால்கின் மறுநாளே தலைகள் வேகும் சின்னச் சூளையிலிருந்து முரட்டுத் தட்டுகள் வேகும் பெரிய சூளைக்கு மாற்றப்பட்டார்.

“முப்பது வருஷமா தீ போடுறேன்,” என்றார் ஜோப். “தழும்பை மட்டும் பொறுக்கித் தின்னுற தீயை இப்பதான் கேள்விப்படுறேன்.”

ஆறு வாரம் ஏபெல் ஜோப்பின் கண்ணில் படாமல் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனார். வேறு கடையில் குடித்தார். அங்கே பீர் புளித்தது. அச்சில் தழும்பு அப்படியே இருந்தது. இன்னொரு தலை எடுத்து வேகவைத்தால் கெசையாவுக்குப் புருஷன் முகம் கிடைக்கும். குற்றம் தீயினுடையதா கத்தியினுடையதா என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எடுத்தார். கத்தி வைக்கப் பயந்து, பொருத்துக்கோட்டைக்கூட விட்டுவிட்டார். முதலாளி எட்டிப் பார்க்காத ஒரே சூளை ஜோப்புடையது. தட்டுகளுக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் செருகினார். சூளை பிரித்த அன்று தலை ஜோப்பின் கையில் இருந்தது.

“தழும்பு நல்லாத்தான் வெந்திருக்கு,” என்று நீட்டினார் ஜோப். “இன்னும் சுடுது, பாத்துப் பிடி.”

ஏபெல் அதைக் கெசையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். உண்மையைச் சொல்ல முதலாளியிடம் போகவில்லை. ஜோப் கடைசிவரை பெரிய சூளையில்தான் இருந்தார்.