நான் தொடாத தங்கப் பல்லி

அன்றைக்கு அந்த வரிசையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் ஓரம் முன்பின் தெரியாத ஒரு இளம் பெண். நடுவில் நான். நடைபாதை ஓரம் எங்க வீட்டுக்காரர். அவ்வளவுதான். விமானம் ஓட்டுகிறவர்களைச் சேர்க்கவில்லை... அவர்களை நான் கண்ணால் பார்க்கவே இல்லையே!

ஐரோப்பா போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் போட்டு வரவழைத்து, ஊர் ஊராகச் சுற்றிக் காட்டினான். எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்ன சொல்ல? மலை ரயிலில் பிரேக் பிடிக்குமா என்று கவலை. படகில் ஏறினால் நீச்சல் தெரியாதே என்று கவலை. பாரிஸ் கோபுரத்தடியில், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிக்கொண்டே நின்றதில், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேனா என்பதே சந்தேகம்.

ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய அம்மாள் அந்த ஊரிலேயே பிறந்தவர். "மேலே ஏறியிருக்கிறீர்களா?" என்று மகன் கேட்டான். "இல்லையே, இங்கேதானே இருக்கிறது... எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம்" என்றாராம். மகன் தமிழில் சொல்லச் சொல்ல நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்குத் தண்டனை ஆகாயத்தில் காத்திருந்தது.

துபாயில் விமானம் மாறி, சென்னைக்குக் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். குலுங்க ஆரம்பித்தது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. நான் வீட்டுக்காரரின் கையைக் கிள்ளினேன்.

"ஏங்க... ஆடுதுங்க!"

"ஆடத்தான் ஆடும். தறி ஓடுனா வீடே அதிருது, அதுக்கு இன்னா பண்ற? கம்முனு உக்காரு."

காலமெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டார். தூக்கத்திலும் கால்கள் மட்டும் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட மனிதரோடு பயத்தை எப்படிப் பங்கு போடுவது?

மறுபக்கம் திரும்பினேன். ஜன்னல் ஓரத்துப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பகீர் என்றது. படித்த பெண் அழுகிறாள் என்றால், விமானத்தில் ஏதோ கோளாறு அவளுக்குத் தெரிந்துவிட்டது!

"இன்னாமா ஆச்சு?"

"நீங்க தமிழா ஆன்ட்டி? எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்மா."

அழுகை நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தாள். "பல்லி தொட்டிருக்கீங்களா ஆன்ட்டி?"

உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் பெருமாள் கோயில் கூரையில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி உண்டு. உடம்பின் மேல் பல்லி விழுந்த தோஷம் இவற்றைத் தொட்டால் போகும் என்பார்கள். தொட்டவர்களைத் தொட்டாலே போதும் என்றும் சொல்வார்கள்.

அவள் பெயர் சுகன்யா. சொந்த ஊர் அரக்கோணம், வேலை ஹாலந்தில். அப்பாவுக்குச் சென்னையில் அன்றைக்கு இதய ஆபரேஷன்.

"போன வாரம் அப்பா தலையில பல்லி விழுந்துச்சாம் ஆன்ட்டி. அப்பவே காஞ்சிபுரம் போலாம்னு கூப்டேன், வரலியேன்னு அம்மா போன்ல அழுதுக்கினே இருக்காங்க. நான் இதெல்லாம் நம்பவே மாட்டேன். ஆனா இப்ப..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கையைத் தொட்டுக்கறேன். அந்தக் கையோட போயி அப்பாவைத் தொடணும்."

சின்ன காஞ்சிபுரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் கோபுரம் தெரியும். எங்கிருந்தோ பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள். நான் தொட்டதே இல்லை! இங்கேதானே இருக்கிறது... எப்போது வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாமே.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பல்லி என்றால் உயிர் போகும். சமையல்கட்டில் ஒன்று தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறவள் நான். தங்கமாக இருந்தால் மட்டும் அது பல்லி இல்லையா?

"இல்லம்மா, நான் வந்து..." என்று வாயைத் திறந்தேன். விமானம் தொப்பென்று இறங்கியது. அந்த நேரம் பார்த்து எங்க வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார்.

"தொட்டிருக்கா, தொட்டிருக்கா! வருஷா வருஷம் தொடுவா. நீ புடிச்சிக்கோமா!"

சுகன்யா என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறுக்கி.

அவர் காதோரம் சாய்ந்தேன். "இப்டி பொய் சொல்லிட்டீங்களே... அந்த அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

"கையைத்தானே கேட்டுச்சு? சொத்தையா எழுதிக் கேட்டுச்சு? சும்மா இருமா."

மறுபடி தூங்கிவிட்டார். நான் தூங்குவேனா? அதுவரை விமானம் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது பத்திரமாக இறங்கிவிடுமோ என்று பயந்தேன். இறங்கியதும் அவள் போனைப் போடுவாளே! கெட்ட செய்தி என்றால் அது என் கையால் வந்ததாகத்தானே ஆகும்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆபரேஷன் என்றால் கத்தி, ரத்தம்... அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாததெல்லாம் கண் முன்னால் வந்து வந்து போனது.

சாப்பாடு வந்தது. அவள் கையை விடவில்லை. எனக்கும் பசிக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து வழிந்தது. 'பெருமாளே, உன் பல்லிகிட்ட கொஞ்சம் சொல்லி வையி. ஊர் வந்ததும் வந்து தொட்டுடறேன். பயந்துக்கினேயாவது தொட்டுடறேன்.'

சென்னை. சக்கரம் தரையைத் தொட்டது. அவள் போனைப் போட்டாள். காதில் வைத்தாள். ஓவென்று அழுதாள்.

எங்க வீட்டுக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி... ஆபரேஷன் முடிஞ்சிடுச்சாம். கண்ணைத் தொறந்ததும் 'பாப்பா வந்துடுச்சா'ன்னு கேட்டாராம்!"

என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்க வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஆபரேஷனே அவர் செய்த மாதிரி!

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? பெட்டிக்காக நிற்கும்போதுதான் ஒன்று உறைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து நான் பாஸ்போர்ட்டை மறந்திருந்தது, அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் மட்டும்தான். பயந்தவள் கையை இன்னொரு பயந்தவள் பிடித்தால் பயம் இரட்டிக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாக இருக்க விடுவார்களா? என் நம்பரை வாங்கிக்கொண்டு போனவளிடமிருந்து போன வாரம் போன்.

"ஆன்ட்டி, அப்பா நடக்கறாரு! டாக்டர் சரின்னதும் காஞ்சிபுரம் கூட்டிக்கினு வரோம். நீங்கதான் கூட வரணும். எங்க ஏறணும், எப்டி தொடணும்னு உங்களுக்கு எல்லாம் தெரியுமே!"

மறுநாள் காலையிலேயே கோயிலுக்கு ஓடினேன். பல்லிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம் கேட்டேன். அவர்கள் வழி காட்டினார்கள்! "மீதே ஊரு?" என்று, எனக்கு எந்த ஊர் என அந்த அம்மாள் தெலுங்கில் கேட்டதற்கு, காது கேட்காத மாதிரி நடந்துவிட்டேன்.

டிக்கெட் வாங்கக் கைப்பையைத் திறந்தால் உள்ளே எல்லாம் யூரோ சில்லறை. பயணப் பையையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலுக்குத் திரும்பி, பூ விற்கும் சரசா அக்காவிடம் கடன் கேட்டுக் கை நீட்டினேன்.

"பல்லிக்கா? ஏம்மா, சீமையெல்லாம் சுத்திட்டு வந்தே, இங்க இருக்கற பல்லிய இன்னும் பாக்கலியா நீ?"

"கத்தாதக்கா... மெதுவா!"

படியேறினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன். தங்கம், வெள்ளி, இரண்டையும் தொட்டுவிட்டேன். சில்லென்று இருந்தது. நல்லவேளை, ஓடவில்லை.

இங்கிலீஷிலேயே படித்த சுகன்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். அவள் அம்மாவுக்குப் படிக்க வருமோ என்ற கவலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ஆனாலும் என் கை இன்றைக்குப் பொய் சொல்லாத கை. அந்தக் கணக்கு தீர்ந்தது.

சரசா அக்காவுக்குத்தான் பத்து ரூபாய் பாக்கி.