ஆட்கள்: ஒன்று

இது கட்டுக்கதை இல்லை. என் தங்கைக்கு நடந்தது. அதுவும் நடுநிசியில் அல்ல, ஞாயிற்றுக்கிழமைப் பட்டப்பகலில். அவளுடைய நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நேரத்தையும் எண்களையும் எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் ஆராய்ச்சி மாணவி. மூடிய அறைக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பது ஆய்வு. தான் வேலை செய்யும் மூன்றாம் மாடி ஹாலையே சோதனைக்கு எடுத்துக்கொண்டாள். பத்து இருக்கைகள். சுவரிலும் கூரையிலுமாக இருபத்துநான்கு வெப்பமானிகள். அவற்றின் அளவுகளைப் பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஹாலின் வெப்பப் படத்தைக் கணக்கிட்டுத் தரும். ஆள் இருக்கும் இடம் சிவப்பு. மற்றதெல்லாம் நீலம்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த அவளுக்கிருந்த அனுமதி அன்று மாலை 4.00 மணியோடு முடிகிறது. அடுத்தது நான்கு மாதம் கழித்துத்தான். ஆய்வேட்டைக் கொடுக்க இருப்பதோ இரண்டே மாதம். இன்று கோட்டைவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போ.

வரிசையில் அவளுக்கு முன்னால் நாற்பத்தொரு வேலைகள் காத்திருந்தன. காத்திருந்து கட்டுப்படியாகாது என்று, தன் திரையிலிருந்தே நேரடியாக ஓட்டினாள். செய்த தப்பு அதுதான். வரிசையில் போட்ட வேலை தானாக ஓடும். நாம் வீட்டுக்குப் போய்விடலாம். நேரடி ஓட்டத்தில் ஆள் நகரக் கூடாது. கால் மணிக்கு ஒருமுறை திரை கேட்கும்: ‘இருக்கிறீர்களா?’ ஒரு நிமிடத்துக்குள் விசையைத் தட்டாவிட்டால் அத்தனையும் அழிந்துவிடும்.

2.50. ‘ஆட்கள்: 1. இருக்கை: 4’ என்று பதிந்தாள். ஓட்டம் தொடங்கியது.

3.00. முதல் படம். நான்காம் இருக்கையில் சிவப்பாக அவள். சரி.

ஒன்பதாம் இருக்கையிலும் சிவப்பாக ஒன்று...

திரும்பிப் பார்த்தாள். கதவோரம், காலி நாற்காலி. கம்ப்யூட்டர் அறையைக் கவனிக்கும் ஊழியருக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, ஹால்ல வேற யாராவது இருக்காங்களா?”

“லீவு நாள்ல உன்னை விட்டா எந்தப் பைத்தியம் வரும்? வாசல் கேட்டு நோட்டுல ஒரே கையெழுத்து. அதுவும் உன்னோடது.”

“அப்ப வெப்பமானி கெட்டுப்போச்சா?”

“இருபத்துநாலும் சொல்லிவெச்சு ஒண்ணா கெடுமா? பேசாம வேலையப் பாரு. எழுந்து கிழுந்து போயிடாதே.”

3.05. ‘இருக்கிறீர்களா?’ தட்டினாள்.

3.10. இரண்டாம் படம். ஒன்பதில் ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

ஏழில் இருந்தது.

36.8 டிகிரி. மனித உடம்பின் சூடு.

பின்னால் ஒரு சத்தம். க்ரீச்... நாற்காலிச் சக்கரம் உருளுகிற சத்தம். வெளியே ஓடலாம் என்றால், அதைத் தாண்டித்தான் கதவு.

3.20. மூன்றாம் படம். நடைபாதையில் நின்றிருந்தது. நெட்டையாக. ‘இருக்கிறீர்களா?’ தட்டினாள்.

3.30. ஐந்தாம் இருக்கை. அவளுக்குப் பக்கத்தில்.

அவள் திரும்பவில்லை. இடது கை மட்டும் வெதுவெதுத்தது.

3.35. ‘இருக்கிறீர்களா?’

ஐந்து வருடம்... இன்னும் இருபத்தைந்து நிமிடம்... தட்டினாள்.

3.40. சிவப்பு ஒன்றே ஒன்று.

நான்காம் இருக்கையில்.

இரண்டு மடங்கு பெரிதாக.

பிடரியில் மூச்சு...

ஓடினாள்.

பை அங்கேயே, செருப்பு அங்கேயே. தெருவுக்கு வந்து, எதிர்ச்சாரிக் கடைப் படியில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பயம் பாதி. எல்லாம் போச்சே என்பது பாதி.

மறுநாள் அந்த ஊழியரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். எதுவும் போகவில்லை. 4.00 மணிவரை ஓடி முடிந்திருந்தது. 3.50க்குத் திரை கேட்டிருக்கிறது. நான்கு விநாடியில் யாரோ விசையைத் தட்டியிருக்கிறார்கள்.

“அண்ணா, நீங்களா?”

“என் ரூம்லருந்து உன் விசையத் தட்ட முடியாதும்மா.” அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆய்வேட்டை முடித்தாள். பட்டமும் வந்தது. அதன் பிறகு அந்த ஹாலுக்குள் கால் வைக்கவில்லை.

போன மாதம் அவள் பழைய கோப்புகளைக் கிளறியபோது, தனக்கு முன்னால் அதே ஹாலில் ஆராய்ச்சி செய்த ஒருவருடைய பதிவுகள் கண்ணில் பட்டன. முதல் மூன்று நாள் ‘ஆட்கள்: 1’. நான்காம் நாளிலிருந்து மூன்று வருடமும் ‘ஆட்கள்: 2’. அவர் இப்போது வேறொரு கல்லூரியில் ஆசிரியர். தேடிப்பிடித்துப் போன் செய்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

“அதுவா? ஒன்பதாவது சீட்ல இருக்குமே! பயப்படாதம்மா, அது ஒண்ணும் பண்ணாது. நானே ரெண்டு ஆளுன்னு எழுதிட்டு என் வேலையப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இல்லண்ணா... அது எழுந்து வந்துச்சு. என் சீட்ல உக்காந்துச்சு.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“எழுந்துச்சா...?” என்றார். “மூணு வருஷத்துல ஒருநாள்கூட அது எழுந்ததில்லயேம்மா.”