மாமா திருப்பித் தராத ஊசி

ஆயுத பூஜை முடிந்து முதல் காவலுக்குப் போன அன்றைக்கே, எங்கள் மறையூர்க் கரும்புத் தோட்டத்தில் அண்ணனை யானை மிதித்துக் கொன்றது. கையில் துப்பாக்கி இருந்தது. விசையை இழுத்திருக்கிறான், துப்பாக்கியின் இரும்புக் குதிரையும் விழுந்து அடித்திருக்கிறது. ஆனால் வெடிக்கவில்லை. எங்கள் சாமி முருகன் ஏன் அப்படி விட்டான் என்று இன்றைக்கும் நான் கேட்பதில்லை. கேட்டால் தாங்கமாட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா அந்தத் துப்பாக்கியை மாமா முன்னால் கொண்டுவந்து போட்டார். மாமா அம்மாவுக்குத் தம்பி. அந்தப் பக்கத்தில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் அவர்தான். ஆனால் அந்த வருஷம் அவர் வரும்வரை பொறுக்காமல், குதிரையை உந்தும் எஃகு வில்லை மாற்றியது அப்பாவே.

"நான் போட்ட வில்லுதான்டா எம்புள்ளயக் கொன்னுச்சு. பாத்துச் சொல்லு."

"பிரிக்காம என்னத்தச் சொல்ல? சும்மா இருங்க மச்சான்."

"பிரிச்சுட்டு மறைக்காத."

சொல்லிவிட்டு அப்பா மாட்டுத் தொழுவத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாமா முதலில் குழலில் கிடந்த வெடிமருந்தை வெளியே எடுத்தார். தள்ளிப் போய் ஒரு சிட்டிகையைக் கங்கில் போட்டதும் புஸ்ஸென்று எரிந்தது. பிறகு குதிரையையும் வில்லையும் கழற்றி, விளக்குக் கரியைத் தடவி மறுபடி மாட்டினார். உள்ளே எங்காவது உரசினால் கட்டையில் கரி ஒட்டுமாம். ஒட்டவில்லை. குதிரை சுத்தியல் மாதிரி விழுந்தது. அப்பாவின் வில்லில் ஒரு குறையும் இல்லை.

"அக்கா, ஒரு ஊசி குடு."

படுத்துக் கிடந்த அம்மா எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போனாள். குதிரை அடித்ததும் பொறி தெறிக்கும் கேப்பை மாட்டும் முளையில், அந்த நெருப்பு மருந்துக்குப் போக ஒரு சின்னத் துளை உண்டு. மாமா அதில் ஊசியை விட்டுக் குடைந்தார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் வாசம் வந்தது. சந்தனம். பூஜையன்று அரிவாளுக்கும் கலப்பைக்கும் ஒரு பொட்டுத்தான் வைப்பாள் அம்மா. துப்பாக்கிக்கு மட்டும் வழித்து வழித்து வைப்பாள். பிள்ளை தூக்கிப் போவது அல்லவா.

மாமா அப்பாவைக் கூப்பிட்டார்.

"உங்க வில்லு நல்லாத்தான் இருக்கு மச்சான். மருந்து நமத்துப் போச்சு. மலையில மேகம் எறங்குனா யாரு என்ன செய்ய?"

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மருந்து எரிந்ததை நான்தான் பார்த்தேனே. மாமாவுக்கு மறதி போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு மாமா கிளம்பினார். அம்மா ஊசியைக் கேட்டாள்.

"எங்கயோ விழுந்துருச்சுக்கா."

வீங்கிய கண்ணோடு அம்மா குனிந்து முற்றமெல்லாம் தடவித் தேடினாள். ஊசி, ஒட்டிய மஞ்சளோடு, மாமாவின் மேல்துண்டு முனை முடிச்சில் இருந்தது. அவர் முடிந்துகொண்டதை நான் பார்த்தேன். பிள்ளையைப் பறிகொடுத்த அக்காளுக்கு ஒரு ஊசியை விட்டுப்போக மனசில்லாத மனுஷர் என்று வெகுகாலம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.