சூடேற்றிய சீட்டில் திருவான்மியூர்

மார்கழியில் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கு மோட்டாரில் போய்வர நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் கூடியவரை சரியாகக் குறித்திருக்கிறேன். நடுவில் நான் செய்த ஒரு காரியமும் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுத இரண்டு தடவை முயன்றேன், பேனா ஓடவில்லை.

என் அத்தைக்கு முழங்காலில் வாதம். மார்கழி சோமவாரம் ஒன்றில் விடியற்காலையில் திருவான்மியூர் மருந்தீசுவரரைத் தரிசிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பனியும் கடற்காற்றும் அவள் காலுக்கு ஆகாது. எனக்கோ ராயப்பேட்டையில் மின்சாரச் சாமான் கடை. குளிர் தேசங்களில் மோட்டாரின் சீட்டுக்குள்ளும் கால்பலகைக்கு அடியிலும் கம்பி ஓட்டிச் சூடேற்றுகிறார்கள் என்று ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்திருந்தேன். நம் வண்டியிலும் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

சென்னையில் இது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். தியாகராய நகரில் புது வீடு கட்டிக் குடியிருக்கும் வக்கீல், என் மனைவியின் தம்பி, அதையேதான் கேட்டான். "மெட்ராஸ்லே மோட்டாருக்குள்ளே அடுப்பா, அத்திம்பேர்?" என்று அவன் சிரித்ததிலிருந்து அத்தையின் முழங்கால் இரண்டாம்பட்சமாகிவிட்டது. அவனுக்குச் செய்து காட்டியே தீருவது என்று வீம்பு பிடித்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. பின் சீட்டின் தோலைப் பிரித்து, உள்ளே இருந்த தேங்காய் நாரின்மேல் நெருப்புப் பிடிக்காத கல்நார்த் துணி விரித்து, மின்சார இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் ஜாதிக் கம்பியை வளைத்து வளைத்து ஓட்டி, தோலை மறுபடியும் இழுத்துத் தைத்தேன். கால்பலகைக்கு அடியிலும் அப்படியே. இதற்கென்று தனி பாட்டரி ஒன்றை, வண்டிக்கு வெளியே கால் வைத்து ஏறும் ஓரப்படியில் பெட்டி கட்டி வைத்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்சு. ஒரு சுற்றுக்கு இளஞ்சூடு, இரண்டாவது சுற்றுக்கு நல்ல சூடு. கையை வைத்துப் பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்துபோன இடம் மாதிரி இதமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஓட்டுகிறவர் காதர். ராயப்பேட்டையில் மசூதிக்குப் பின்னாலுள்ள சந்தில் வீடு. முன்பு ஜட்கா ஓட்டியவர், ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிறார். வண்டியின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

அத்தை ஸ்நானம் செய்து மடியாக வந்தாள். மடியாக இருப்பவர்கள் தோலின்மேல் உட்காரக் கூடாது. கம்பளி விரித்தால் தோஷமில்லை. எங்கள் தெருவில் மோட்டார் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் பெரியவர்கள் ஏறும்போது இதுதான் வழக்கம். அத்தையும் தன் தடித்த கம்பளியை நான்காக மடித்துப் பின் சீட்டில் போட்டாள். காதர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சார், இம்மாம் தடி கம்பளிய நாலா மடிச்சுப் போட்டா சூடு மேல வராது. அடியிலயே தங்கிக்கினு சீட்டத்தான் துன்னும்."

"மின்சாரத்தை நான் பாத்துக்கறேன். நீ வண்டியைப் பாரு" என்றேன். அவர் முன் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

கோவில் குளத்திலிருந்து கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் வந்து தெற்கே திரும்பினால் அடையாற்றுப் பாலம் இரண்டரை மைல். பன்னிரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டோம். ஆற்றின்மேல் பனி தண்ணீரே தெரியாமல் படர்ந்திருந்தது. ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கத் தகுந்த காட்சி. பாலத்தின்மேல் அத்தை, "ஒண்ணும் சூடு தெரியலையேடா சுந்தரம்" என்றாள். கம்பளி தடுக்கிறது என்று அந்த நொடியிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சுவிட்சை இரண்டாவது சுற்றுக்குத் திருப்பினேன்.

பாலம் தாண்டினால் ரோடு சுமார்தான். கடைசி ஒன்றரை மைல் இரண்டு பக்கமும் பனையும் சவுக்கும். மணலில் சக்கரம் புதையும், மெதுவாகத்தான் போகவேண்டும். ஐந்தே முக்காலுக்குக் கோவில். திரும்பி வரும்போது சீட்டு ஆறியிருக்கக் கூடாது என்று சுவிட்சை அணைக்காமலே இறங்கினேன். கூட்டம் அதிகமில்லை, அர்ச்சனைத் தட்டு இரண்டணா. தரிசனம் முடிந்து ஒரு பிராகாரம் சுற்றி வர, அத்தையின் நடையில், ஒரு மணி நேரம் ஆயிற்று. வெண்பொங்கல் சுடச்சுடத் தொன்னையில் கொடுத்தார்கள். காதருக்கும் ஒன்று வாங்கி வந்து நீட்டினேன். "வேணாம் சார்" என்றார். காலையில் நான் சொன்னதற்குப் பிகு பண்ணிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு அதையும் நானே சாப்பிட்டேன். அத்தை அவரிடம் ஏதோ கேட்டாள், அவரும் ஏதோ சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

திரும்பும்போது அடையாற்றில் ஆற்றங்கரைப் பெரிய தோட்டத்து ஆலமரத்தைப் பார்க்கலாம். வாசலில் கேட்டால் விடுவார்கள். நாங்கள் இறங்கவில்லை. அத்தை சீட்டின் நடுவிலிருந்து கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். சைதாப்பேட்டையில் காப்பி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டு நிறுத்தினேன். டம்ளர் ஓர் அணா, பாதகமில்லை. காதருக்கும் ஒரு டம்ளர் அனுப்பினேன். அதையும் வேண்டாமென்று திருப்பினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பனகல் பார்க்குக்கு அருகில் மச்சினன் வீட்டை அடைந்தபோது எட்டேகால். கிறிஸ்துமஸ் விடுமுறை, கோர்ட் இல்லை. என் அதிசயத்தைப் பார்க்க அக்கம்பக்கத்திலிருந்து மூன்று பேரை அழைத்து வைத்திருந்தான். அடுத்த வீட்டு டிரைவர் கேட்டுக்கு வெளியே அவர்கள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைக் குல்லாய். காதரும் அவரும் சலாம் சொல்லிக்கொண்டார்கள்.

நான் பெருமையாகப் பின் கதவைத் திறந்தேன். முடி கருகிய நாற்றம் குப்பென்று வந்தது. அத்தை இறங்கியதும் கம்பளியிலிருந்து புகை. எடுத்து உதறினால் அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல், அடியில் தோலிலும் ஓட்டை.

"அத்திம்பேர், அடுப்பு பத்திண்டுடுத்து போலிருக்கே" என்றான் மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அடுப்பெல்லாம் இல்லை. நாங்க கோவிலுக்குள்ளே இருந்தப்போ இவன் பின்னாலே படுத்துண்டு பீடி பிடிச்சிருக்கான்."

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். பீடி நெருப்பு மேலிருந்து சுடும்; அந்தக் கருகல் அடியிலிருந்து வந்தது. கடையில் தினம் கம்பியோடு பழகுகிறவனுக்கு இது தெரியாதா? நாலு பேர் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் மனத்தில் இல்லை.

"நான் பிடிக்கல சார்" என்றார் காதர்.

"பொய் சொல்லாதே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு முன் கதவு வழியாகக் கையை விட்டு என் சுவிட்சை அணைத்தார். அதுவரை அது போட்டபடியேதான் இருந்தது. எனக்கு அணைக்கத் தோன்றவில்லை. வண்டிச் சாவியை முன் சீட்டில் வைத்துவிட்டுத் தெருவோடு நடந்து போய்விட்டார். அடுத்த வீட்டு டிரைவர் துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடி அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தைதான் பேசினாள். "காதர் நோன்புடா. பொங்கல் வேண்டாம்னப்போ கேட்டேன், சொன்னான். விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டதாம். இனிமே அஸ்தமனத்துக்கு அப்பறம்தான் பச்சைத் தண்ணி கூட. அவனையா பீடி பிடிச்சான்னே?"

ஏழு வருஷம். வருஷத்தில் ஒரு மாதம் அவர் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகக் கேட்பார்; நானும் முணுமுணுத்துக்கொண்டே விடுவேன். எதற்கு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உள்ளே போய்ப் பார்த்தால் அத்தையின் முழங்காலுக்குப் பின்னால் கொப்புளம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ அவ்வளவு ஆசையாப் பண்ணியிருக்கே. எப்படிடா சொல்றது?" என்றாள். பிறகு அவளை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கு நானே ஓட்டி வந்தேன், இரண்டே முக்கால் மைல்.

அன்று சாயங்காலம் காதர் வீட்டுக்குப் போனேன். நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "குந்துங்க சார்" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தப்பு என்னுடையது, கம்பிதான் சுட்டது, வேலைக்கு வரவேண்டும் என்றெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"பீடி பிடிச்சேன்னு சொன்னா போவட்டும் சார், பிடிக்கிறவன்தான். நோன்புல பிடிச்சேன்னு ஆயிப்போச்சு. பக்கத்து ஊட்டு டிரைவரு எங்க தெருக்காரரு, ஒரே மசூதி. இங்க வந்து எங்கிட்ட சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே சார். அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாளே தியாகராய நகர் போனேன். மச்சினனிடமும் அந்த மூன்று பேரிடமும், "கம்பிக் கோளாறாகவும் இருக்கலாம்" என்றேன். இருக்கலாமாம். அடுத்த வீட்டு டிரைவர் பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். ஒரு டிரைவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மசூதியில் காதரை யாரோ இதைப் பற்றிக் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அவர் என்னிடம் திரும்பி வரவில்லை. இப்போது அடையாற்றில் வேறொரு வீட்டு வண்டியை ஓட்டுகிறார்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மொத்தம் பதினான்கு மைல், பெட்ரோல் முக்கால் காலனுக்கு மேல் ஆகாது. ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். ஏழு மணிக்குமேல் மணல் ரோட்டில் கட்டை வண்டிகள் வழிவிடாது. வயதானவர்களுக்குக் குளிருமென்றால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காலில் ஒரு சால்வையைப் போடுங்கள், போதும். பணமும் வீம்பும் இருந்து கம்பிதான் வைப்பேன் என்றால், அதன்மேல் கம்பளி விரிக்காதீர்கள், வண்டி நிற்கும்போது சுவிட்சை அணையுங்கள். வண்டி ஓட்டுகிறவர் ஒன்று சொன்னால் காதில் வாங்குங்கள். அவர் சாப்பாட்டை வேண்டாமென்றால் ஏனென்று கேளுங்கள்.

இதை எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டால் கடன் தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அடுத்த வீட்டு டிரைவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்று மச்சினன் நேற்றுச் சொன்னான். நாளைக் காலை போகிறேன். குளத்தங்கரையிலிருந்து பனகல் பார்க் வரை பஸ்ஸில் ஓர் அணா, இருபது நிமிஷம்.