அலமாரியைக் கட்டிப்பிடித்தவள்

ஜப்பானின் அரிதாவில் பிறந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நிலம் ஆடினால் கை முதலில் பாத்திர அலமாரிக்குத்தான் போகும். பீங்கான் சோறு போட்ட ஊர் வேறென்ன செய்யும்? கிகுயோ மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தாள்?

பட்டறையில் சுடாத கோப்பைகளைப் பலகையில் அடுக்கித் தோளில் சுமந்தே பாதி ஆயுளைக் கழித்தவள். ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை என்று ஊரே மெச்சும். மகள் மியோ மட்டும் மெச்ச மாட்டாள். அவள் சிறுமியாக இருந்தபோது வந்த பெரிய நடுக்கத்தில் அம்மா தட்டு அலமாரியைக் கட்டிப்பிடித்து நின்றாள்; பிள்ளை மேசைக்கடியில் தனியாக அழுதது. ஃபுகுவோகா நகரத்துக்குக் குடித்தனம் போன பிறகும் மியோ அதைச் சொல்லிக் குத்துவதை விடவில்லை.

ஐம்பது தாண்டிய பிறகு ஊர் மேட்டிலிருக்கும் பீங்கான் அருங்காட்சியகத்தில் கிகுயோவுக்குக் காவல் வேலை கிடைத்தது. மடியில் போர்வை, சுற்றிலும் பழைய சாடிகள், ராஜ உத்தியோகம். ஆனால் நிலநடுக்கப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். மணி அடித்தால் பார்வையாளரைக் காக்க வேண்டும். பொருளைத் தொடக் கூடாது. மணி அடித்தது. கிகுயோ கண்ணாடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள். மறுதடவையும் அதே கதை.

"அக்கா, சாடியெல்லாம் தூண்டில் நரம்பு போட்டுக் கட்டியிருக்கு, எங்கயும் ஓடிடாது. ஆளப் பாருங்க," என்றார் மேற்பார்வையாளர் ஓகுஷி. "இன்னொரு தடவ இப்படிப் பண்ணா, வாசல்ல டிக்கெட் கிழிக்க அனுப்பிடுவேன்."

வாசலுக்குப் போவதுகூடப் பெரிதில்லை. ஆளைவிடத் தட்டுதான் பெரிது என்று மியோ குத்துவது உண்மையாகிவிடுமே என்றுதான் கிகுயோவுக்குக் கவலை.

மழைக்கால மதியம் ஒன்றில் மணி அடிக்கவில்லை, தரையே ஆடியது. நீலப் பூத்தட்டின் முன் நின்ற வெளியூர்ப் பெண் அலறினாள். கிகுயோவின் கை பழக்கதோஷத்தில் பெட்டிப் பக்கம் நீண்டு, பாதியில் திரும்பியது. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, தலைமேல் போர்வையைப் போட்டு, இறுக அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, நான் இருக்கேன். நான் இருக்கேன்."

ஆட்டம் நின்றது. சாடிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. நிமிர்ந்து பார்த்தால், எதிர்ப் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு ஓகுஷி நிற்கிறார். அவரும் அரிதாக்காரர்தானே!

"வாசல்ல டிக்கெட் கிழிக்க ஆள் கெடச்சாச்சு போலிருக்கே சார்," என்றாள் கிகுயோ. அவர் காது சிவந்துபோயிற்று.

வீட்டுக்குள் நுழையும்போதே மியோ போனில் கூப்பிட்டாள்.

"செய்தில பாத்தேன். இந்தத் தடவ எதைம்மா கட்டிப் புடிச்ச?"

"ஒரு பொண்ண. உன் வயசுதான் இருக்கும். ரொம்ப பயந்துட்டா. நான் விடவே இல்லடி."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"வீட்டு அலமாரி என்னாச்சு?"

அப்போதுதான் கிகுயோவுக்கு அலமாரி ஞாபகமே வந்தது. "இன்னும் பாக்கலயே."

"பாக்காத. அப்படியே விடு," என்றாள் மியோ. "சனிக்கிழம நான் வந்து பாக்கறேன்."