காக்காய் வலிப்புக்கு நான் வைத்த பெயர்

மருத்துவச் சான்றில் டாக்டர் எழுதிய நோயின் பெயரைக் கோப்பில் மாற்றாமல் எழுத வேண்டும் என்பது விதி. அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கோப்புகள் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஓய்வுபெற இரண்டு வருடமே இருந்த ஜவளகிரிக்காரர், பியூன் மாதப்பன், ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தார். 'எபிலெப்சி, வேலை செய்யலாம்' என்று டாக்டர் ஆங்கிலத்தில் சான்று கொடுத்தார். காக்காய் வலிப்பு என்று எழுதுவது கொச்சையாகப் பட்டதால், 'சித்தப்பிரமை' என்று அழகாக எழுதி மேலே அனுப்பினேன். அவரை நீக்கி உத்தரவு வந்தது.

"மாதப்பா, யாரையாச்சும் கடிச்சு கிடிச்சு வெச்சிராதய்யா" என்றார் ஹெட் கிளார்க். நானும் சிரித்தேன்.

மாதப்பன் என் மேஜைக்கு வந்தார். "ரெண்டு நிமிசம் கையி காலு இழுக்குதுங்க சார், அப்புறம் எந்திரிச்சுக்கறேன். எனக்கு எப்பங்க பைத்தியம் புடிச்சுது?"

டாக்டரிடம் ஓடினேன். "வலிப்பு மூளையில வர்ற கோளாறுய்யா. சித்தப்பிரமைன்னா இல்லாததை இருக்குன்னு நம்பறது. அது உமக்குத்தான் இருக்கு, தமிழ் தெரியும்னு" என்றார்.

தவறு என்னுடையது என்று அன்றே எழுதி அனுப்பினேன். பிறகு மாதாமாதம் நினைவூட்டினேன். மாதப்பன் சூளகிரிப் பக்கம் சாலைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தார். புரியாத சொல்லை அதன்பின் நான் அழகாக்கியதில்லை.

'திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது, மாதப்பன் ஓய்வுபெற வேண்டிய தேதிக்கு மறுநாள்.