கையில் வாங்காத உப்பு

எலுமிச்சம்பழம் நறுக்குகிற கையில் ஒரு கீறல் இருந்தால் போதும், உப்பு முதலில் அதைத்தான் தேடிப் போகும்; ஊறுகாய் வேலையில் இதுதான் முதல் பாடம். இப்போதும் நறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நடுநடுவே கையைத் துடைத்துவிட்டு எழுதுகிறேன். செங்கம் ரோட்டில் ஓனரம்மா வீட்டின் பின்பக்கம் வேலை. என் வீட்டுக்காரர் பெங்களூரில் லாரி ஓட்டுகிறார், பாப்பா பால்வாடியில். காலையிலிருந்து சாயங்காலம்வரை யாரோடும் பேசாமல் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். எனக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். வாய்தான் வரவில்லை.

கையில் வேண்டாம்

முதல் நாள், கூட வேலை செய்கிற மல்லிகாக்கா உப்பு கேட்டார். கல் உப்பை உள்ளங்கையில் அள்ளி நீட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். கையில் உப்பு கொடுத்து வாங்கினால் சண்டை வரும் என்பது எங்கள் வீட்டிலும் உண்டுதான், பதற்றத்தில் மறந்துவிட்டது.

"கீழ வைம்மா. நமக்குள்ள எதுக்கு வம்பு?"

ரெண்டும் ஆபத்து

அன்றிலிருந்து நான் வைப்பேன், அவர் எடுப்பார். சண்டையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஓனரம்மா மகள் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். உப்பில் சோடியம், குளோரின் என்று ரெண்டு இருக்கிறதாம். ஒன்று தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும், இன்னொன்று மூச்சை அடைக்கிற விஷவாயு. இதையா பாப்பாவுக்குச் சோற்றில் போடுகிறேன் என்று திகைத்துப் பார்த்தேன். சிரித்துவிட்டாள்.

"தனித்தனியா இருந்தாதான்க்கா ஆபத்து. சேர்ந்துட்டா சோத்துக்கு ஆவும்."

ரெண்டு தடவை

ஒரு நாள் அக்கா ஜாடிக்கு உப்பு போட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார். போட்டதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் பங்குக்கு மறுபடி போட்டுக் குலுக்கி வைத்தேன். உப்பு பழத்துத் தண்ணீரையெல்லாம் வெளியே இழுத்து ஜாடி ததும்பியபோதும், நன்றாக ஊறுகிறது என்றே ரெண்டு பேரும் நினைத்தோம். அந்த ஊறுகாயை வாங்கிப்போன பக்கத்து மெஸ்காரர் பாட்டிலோடு திரும்பி வந்தார்.

"என்னம்மா, கடலையே அடைச்சு குடுத்துட்டீங்களா?"

கையிலேயே

இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்த வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று ஓனரம்மா சொல்லிவிட்டுப் போனார். போவது புதிதாக வந்த நான்தான் என்று தெரியும். அடுத்த ஜாடிக்கு வழக்கம்போல உப்புக் கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். அக்கா எடுக்கவில்லை. உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றார். சண்டை வருமே என்று மெதுவாகச் சொன்னேன்.

"வரட்டும்மா. சண்டைக்காவது நீ வாயத் தொறப்ப இல்ல?"

ஆக, உப்பு பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை மட்டும்தான் வெளியே இழுக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அது... இதோ, உப்பு போட்டாச்சா இல்லையா என்று அக்கா உள்ளேயிருந்து கத்துகிறார், பதிலுக்கு நானும் கொஞ்சம் கத்திவிட்டு வந்து மிச்சத்தை...